‘எடுத்துரலாம்’ என்றார் டாக்டர்

என் வலது தோளின் முன்பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. தோள் எலும்பின் முனையில் தொடங்கி அக்குள் வரை இறங்குகிறது. ரவிக்கைக்கு வெளியே ஓர் அங்குலம் எட்டிப் பார்க்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் முதலில் தழும்பைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தை. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு மெல்ல, “என்னக்கா, சூடு பட்டுருச்சா?” என்பார்கள். ஆபரேஷன் என்று சொன்னால் போதும், அவர்கள் வீட்டில் யாருக்கோ தோள்வலி இருப்பது உடனே ஞாபகம் வந்துவிடும். துண்டு துண்டாகப் பலருக்குச் சொன்னதை ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தோள் பிசகி வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர் யார் கண்ணிலாவது பட்டால் நல்லது.

எனக்குக் காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. அதில் வரிசை வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையும் ஒரு வீடோ கடையோ. கூப்பிடுகிறவர் நம்பர் சொன்னால், ஒயர் முனையை எடுத்து அந்தத் துளையில் செருக வேண்டும். மேல் வரிசைக்கு உட்கார்ந்தபடியே கையை நன்றாக நீட்டி உயர்த்த வேண்டும். ஆக, இந்த வேலைக்கு நல்ல காது வேண்டும், நல்ல கை வேண்டும். கை என்னவோ எல்லோருக்கும் இருப்பதுதான். காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பினாங்கிலிருந்து ஊருக்கு வந்தவர் லைன் இரைச்சலுக்கு நடுவே முணுமுணுக்கும் பெயரைக்கூட ஒரே தடவையில் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவள் என் சொந்த விஷயத்தில் ஒரு சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கியதால் வந்த வினைதான் இது.

அப்போது வீட்டில் அப்பாவும் நானும்தான். அம்மா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் பம்பாயில். அப்பாவுக்கு நகை வேலை. அமராவதிபுதூரில் வீட்டின் முன்னறைதான் பட்டறை. எனக்கு முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஐப்பசி மாதம், விடாத மழை. கிணற்றடியில் பாசி பிடித்திருந்தது. இறைக்கும்போது கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பது என் கெட்ட பழக்கம். அப்பா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அன்றைக்கு நிறைந்த வாளி மேலே வரும் நேரத்தில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். வாளி சரசரவென்று உள்ளே இறங்கியது. கயிறு என் கையைத் தலைக்கு மேலே வெட்டி இழுத்தது. தோளுக்குள் ‘களுக்’ என்று ஒரு சத்தம். வலியைவிட அந்தச் சத்தம்தான் முதலில் தெரிந்தது.

அப்பா ஓடிவந்து தூக்கினார். கையைப் பார்த்தார். “சுளுக்குத்தான், ஒண்ணுமில்ல” என்றார். சுளுக்கு எடுப்பதில் பேர்போன ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எத்தனையோ பேருக்கு நிஜமான சுளுக்கை எடுத்துவிட்டவர். என்னுடையது சுளுக்கு இல்லை, அவ்வளவுதான். ஐந்து வாரம் எண்ணெய் போட்டு நீவினார், பச்சிலை வைத்துக் கட்டினார். வீக்கம் வடிந்தது, வலியும் ஒருவாறு குறைந்தது. கைதான் மேலே வரவில்லை.

இப்போது யோசித்தால் கண்ணுக்கு முன்னால் மூன்று அடையாளம் இருந்திருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்ட முடியாது, கொஞ்சம் அகன்றே நிற்கும். வலது கையால் இடது தோளைத் தொட முடியாது. தோளின் உருண்டை போய்ப் பலகைமாதிரி தட்டையாகிவிட்டது. நான் இளைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அப்பா நெய்யை அதிகமாக ஊற்றினார்.

காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் போனோம். நான் அறைக்குள் நுழைந்ததைப் பார்த்ததுமே, நாற்காலியில் உட்காரும் முன்பே, “இது சுளுக்கு இல்லம்மா. எலும்பு இடத்துல இல்ல. நாளைக்கே மதுரைக்குப் போங்க” என்றார்.

மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அங்கே எனக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. மர பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, கூட இருந்தவர்களின் வியாதியெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. ஓர் இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “எலும்பு விலகியிருக்கு. பெரிய டாக்டர் பார்க்கணும், சேர்ந்துக்குங்க” என்று எழுதிக் கொடுத்தார். பெண்கள் வார்டில் சுவரோரம் ஒரு கட்டில் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் ‘எடுக்கிறார்கள்’. நான் போன அன்றைக்குப் படம் எடுத்தார்கள். மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். எதிர்க் கட்டிலில் ஒருத்திக்குத் தையல் எடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வெள்ளையம்மாள், மேலூர்ப் பக்கத்துக்காரி, சர்க்கரை வியாதி. அவளுக்கு ஒரு காலையே எடுத்துவிட்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே பேசக் கற்றுக்கொண்டேன். அவளுக்குத் துணையாக இருந்த தங்கச்சி நல்லவள். என் தட்டைக் கழுவிக் கொடுப்பாள், புடவைக் கொசுவத்தைச் செருகிவிடுவாள்.

மூன்றாம் நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில் பெரிய டாக்டர் சுற்றி வந்தார். பின்னால் ஏழெட்டு மாணவர்கள். அப்பா காப்பித் தூக்கோடு கால்மாட்டில் ஒதுங்கி நின்றார்.

“என்னம்மா கஷ்டம்?”

“கையை எடுக்க முடியலங்க டாக்டர்.”

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கையை உயர்த்த முடியவில்லை என்பதற்குக் கை எடுக்க முடியவில்லை என்போம். அவர் என் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஒரு குண்டூசியால் தோளின் வெளிப்பக்கம் லேசாகக் குத்தினார். “தெரியுதா?” தெரியவில்லை. ரூபாய் நாணய அகலத்துக்கு ஓரிடம் மரத்துப்போயிருந்தது. அதுவரைக்கும் எனக்கே தெரியாது. அவர் மாணவர்களிடம் கடகடவென்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“கையை எடுக்கணும்னா ஆபரேஷன் ஒண்ணுதான் வழி. பயப்படாதீங்க. பண்ணி எடுத்துரலாம்.”

என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்பா தூக்கைத் தரையில் வைத்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் வெள்ளையம்மாளின் போர்வையைப் பார்த்தார். டாக்டர் நகர்ந்ததும் அந்தத் தங்கச்சி என் பக்கம் குனிந்தாள்.

“எங்க அக்காவுக்கும் இப்பிடித்தான் சொன்னாக. பயப்படாதீக, பண்ணி எடுத்துரலாம்னாக. அவளுக்கும் மொதல்ல மரத்துத்தான் போச்சு.”

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? என்னுடைய சொல்லையே டாக்டர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். நான் உயர்த்துவதைச் சொன்னேன், அவரும் அதையேதான் சொன்னார். ஆனால் அந்த வார்டில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. எனக்குக் காது அடைத்தது. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. பயம் வந்தால் மனிதருக்குக் கேள்வி வராது போலிருக்கிறது.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. பட்டறையில் ஊதுகுழலை வாயில் வைத்தே பாதி வாழ்நாளைக் கழித்தவர். “சேலையை மாத்திக்க” என்றார்.

“எங்குட்டு?”

“வீட்டுக்கு.”

“சொல்லாமயா? சிஸ்டர்கிட்டயாவது ஒரு வார்த்தை...”

“சொன்னா விடுவாகளா? இப்ப கூட்டம் வெளிய போகும்ல, அதோட போயிருவோம்.”

நான் தடுத்திருக்கலாம். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், சர்க்கார் வேலையில் இருப்பவள். ஆனால் அப்பா சொன்னது எனக்கும் உள்ளூர வேண்டியிருந்தது. மணி அடித்ததும், பார்க்க வந்தவர்கள் வெளியேறும் கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் வெளியேறினோம். அதற்கு முன்னால் வெள்ளையம்மாளின் தங்கச்சிதான் எனக்குப் புடவை கட்டிவிட்டாள். பஸ்ஸில் அப்பா என் வலப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் இடித்துவிடாமல் என் கையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். பஸ் திருப்பத்தூர் தாண்டியது. அப்பா ஒன்று சொன்னார்.

“தொங்கினாலும் பரவால்ல ஆத்தா. உன் கையி உன்கிட்டயே இருக்கட்டும்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. எனக்கு அது இன்றைக்கும் குறையவில்லை.

அடுத்த ஏழு வாரம் வீட்டில். இடது கையால் சாப்பிடவும் எழுதவும் பழகினேன். ஒற்றைக் கையால் செய்யவே முடியாத வேலை ஒன்று உண்டு, அது தலை பின்னுவது. முதலில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பின்னிவிட்டாள். அவளுக்கு வேலை இருந்த ஒரு நாள் அப்பா சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தார். பொன்கம்பியை இழுத்து முறுக்குகிற விரல். முடியையும் அப்படியே முறுக்கினார். எனக்குப் புருவம் ரெண்டும் மேலே ஏறிவிட்டது.

“அப்பா, சங்கிலியா செய்யிறீக? தலைமுடிப்பா!”

“ஆடாம இரு. பிரி ஒழுங்கா வரணும்ல.”

அந்தப் பின்னல் இரண்டு நாளைக்குக் கலையாது. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற ஸ்டெல்லா என்னைப் பார்க்க வந்தவள், முதலில் பின்னலைத்தான் கேட்டாள், “யாருடி பின்னிவிட்டா? கவரிங் கடையில வைக்கலாம்போல இருக்கே!”

அவள் வந்தது வேறு காரியத்துக்கு. என் லீவு முடியப் போகிறது. மேலும் லீவு வேண்டுமானால் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார். சர்ட்டிபிகேட்டுக்கு எங்கே போவது? ஓடிவந்த கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கையை எடுக்கணும் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை மடக்கச் சொன்னாள், மடக்கினேன். நீட்டச் சொன்னாள், நீட்டினேன்.

“வெதுவெதுன்னு இருக்கு. வெரலெல்லாம் ஆடுது. இத எதுக்குடி எடுக்கணும்?”

“மரத்துப்போச்சு, ஓரிடத்துல.”

“டாக்டர் என்ன சொன்னாரு? உன் அர்த்தம் வேணாம். அவரு சொன்ன வார்த்தைய அப்பிடியே சொல்லு.”

சொன்னேன். எழுத்துப் பிசகாமல் சொன்னேன், அதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே.

“அதுக்கு முன்ன நீ என்ன சொன்ன?”

“கையை எடுக்க முடியலன்னு...”

பாதியிலேயே என் வாய் நின்றுவிட்டது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அடிப்பாவி” என்று மட்டும் சொன்னாள். முன்னறையில் பட்டறைச் சத்தமும் நின்றுவிட்டது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா நம்பத் தயாராக இல்லை. டாக்டர் வாயால் கேட்டால்தான் ஆச்சு என்றார். மறுநாள் ஸ்டெல்லா டியூட்டியில் இருக்கும் நேரத்தில் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் மதுரைக்கு டிரங்க் கால் போட்டோம். லைன் கிடைக்க ஒரு மணி நேரம், டாக்டரைத் தேடிக் கூட்டி வர இன்னும் கொஞ்சம். ரிசீவரை வாங்குமுன் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஸ்டெல்லா என் காதில் ஒரு ஹெட்செட்டை மாட்டினாள்.

“ஐயா, கும்பிடுறேங்க. காரைக்குடியிலருந்து பேசுறேன். கட்டில விட்டு ஓடி வந்தமே, அந்த ஆளுக.”

“யாரு? தோள் கேஸா? எங்கய்யா போனீங்க சொல்லாம?”

“நீங்க கையை வெட்டி எடுக்கணும்னு சொன்னதால பயந்துட்டமுங்க.”

“வெட்டறதா? யாருய்யா சொன்னது?”

“நீங்கதாங்க. பண்ணி எடுத்துரலாம்னீக.”

டாக்டர் கத்தினார், ஹெட்செட் இல்லாத ஸ்டெல்லாவுக்கே கேட்டது. “தூக்கறதுக்குய்யா! கையை மேல தூக்கறதுக்கு! வெட்ட மாட்டேன்! ஒரு விரலைக்கூட வெட்ட மாட்டேன்! நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க!”

அப்பா ரிசீவரை வைக்கத் தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவர் அந்த ஏழு வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மதுரையில் டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தோள் மூட்டு என்பது ஒரு சின்னக் கிண்ணமும் அதில் உருளுகிற ஒரு குண்டும். என் குண்டு கிண்ணத்தை விட்டு இறங்கி, முன்பக்கம் விலா எலும்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. விழுந்த அன்றைக்கோ மறுநாளோ வந்திருந்தால் மயக்கம் கொடுத்து, கத்தியே இல்லாமல் இழுத்து உள்ளே தள்ளிவிடலாம். நாளானால் காலியான கிண்ணத்தைத் தழும்புச் சதை மூடிவிடும், சுற்றியுள்ள தசையெல்லாம் சுருங்கிவிடும். அப்போது இழுத்தால் ரத்தக்குழாய் கிழியும், எலும்பும் ஒடியலாம். அதனால் தோளைத் திறந்து, கிண்ணத்தைச் சுத்தம் செய்து, குண்டைக் கொண்டுபோய் உட்காரவைத்து, நகராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு கம்பி செருக வேண்டும். மரத்துப்போன இடத்துக்கும் விளக்கம் சொன்னார். அந்தக் குண்டு ஒரு நரம்பை அமுக்கிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் அது சரியாகும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, “புரிஞ்சுதா? என்ன புரிஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க” என்றார். என்னிடம் பட்ட பாட்டில் அவரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது.

ரத்தம் தேவைப்பட்டது. அப்பாவுடையது சேர்ந்தது. “எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க” என்று ஊசிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாராம். சிஸ்டர் சொல்லிச் சிரித்தாள். கட்டிலுக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் சில ஊசி மருந்துகளை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. அப்பா எப்படிச் சமாளித்தார் என்று கேட்டதற்கு, “அது உனக்கெதுக்கு?” என்றார். சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு, காலையில் இட்லியும் மாலையில் காப்பியுமாக வந்து நிற்பார்.

ஆபரேஷன் அன்று காலை பச்சைத் துணி போர்த்தி உருட்டிக்கொண்டு போனார்கள். வாசல் வரை அப்பா கூடவே நடந்து வந்தார். உள்ளே போகிற இடத்தில் டாக்டரை மறித்து, “தூக்கத்தானுங்களே?” என்று இன்னொரு தடவை கேட்டார். “தூக்கத்தான் பெரியவரே” என்றார் டாக்டர். முகத்தில் ஏதோ மூடி வைத்து எண்ணச் சொன்னார்கள். ஆறோ ஏழோ எண்ணினேன்.

கண் விழித்தபோது தொண்டை வறண்டு, வயிறு புரட்டியது. மார்போடு சேர்த்துக் கட்டு. கட்டுக்கு வெளியே என் விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ அவற்றை ஒவ்வொன்றாகத் தொடுவது தெரிந்தது. அப்பா எண்ணிக்கொண்டிருந்தார். சுண்டு விரலில் தொடங்கிக் கட்டை விரல் வரை, மறுபடி கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை. “அஞ்சும் இருக்கு” என்றார் என்னிடம், எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல. வாந்திக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தோள் பிளந்தது.

முதல் நான்கு நாள் வலியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது, படிக்கிறவர்களுக்கும் அது வேண்டாம். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள், மூன்று வாரம் கழித்துக் கம்பியை உருவினார்கள். அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. ஆபரேஷன் பாதிதான், மீதி நோயாளியின் கையில் என்று டாக்டர் சொன்னார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும், முதலில் முன்னும் பின்னும், பிறகு வட்டமாக. அது பழகியதும் சுவருக்கு முன்னால் நின்று விரல்களாலேயே மேலே ஏற வேண்டும். கையால் தூக்குவதில்லை, விரல் நடந்து கையை இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் உயிர் போய் வரும். தோள்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வலிக்கிறது என்று இந்தச் சுவரை விட்டுவிடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பட்டறைச் சுவரில் ஏறினேன். நான் எட்டிய இடத்தில் அப்பா வாரம் ஒரு பென்சில் கோடு போடுவார். முதலில் இடுப்புக்கு மேல் ஒன்று, பிறகு மார்பு, பிறகு கழுத்து. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நகை அளக்கிற நுணுக்கத்தோடு அளப்பார். முன் வாரத்தைவிட நூலளவு கூடியிருந்தால் போதும், அன்றைக்கு வேலை செய்துகொண்டே ராகம் இழுப்பார். பங்குனி, சித்திரை, வைகாசி. காது உயரத்தில் ஒரு கோடு விழுந்தது. அடுத்த வாரமும் பென்சில் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த வாரமும். மூன்றும் ஒரே கோடாகிவிட்டது. அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “நாளைக்குப் பாப்பம்” என்று உள்ளே போனார். நான் மேலும் இரண்டு மாதம் ஏறினேன். கோடு நகரவில்லை.

எக்ஸ்சேஞ்சில் திரும்பச் சேர்ந்தேன். மேல் வரிசைக்கு என் வலது கை எட்டவில்லை. இடது கையால் செருகிப் பழகினேன். முதலில் தடுமாற்றம், பிறகு சரியாகிவிட்டது. மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி வந்துவிட்டது. தலை பின்னுவதற்கு மட்டும் இன்னொருவர் வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆனதும் கடைசியாக ஒரு தடவை காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் வந்தார். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், உள்ளே வர மறுத்துவிட்டார். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், பின்னால் கொண்டுபோகச் சொல்லிப் பார்த்தார். புது எக்ஸ்ரேயில் குண்டு கிண்ணத்தில் நன்றாக உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். அவருக்குத் திருப்தி. “இனி இதுக்கு மேல போகாதும்மா. ஆனா வலி இல்ல, பலம் இருக்கு. நல்ல ரிசல்ட்” என்றார்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒன்றையும் கேட்காமல் போவதாக இல்லை.

“டாக்டர், அன்னைக்கு நாங்க ஓடிப்போகாம இருந்திருந்தா? அப்பவே ஆபரேஷன் நடந்திருந்தா?”

அவர் பேனாவை மூடினார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

“அப்பன்னா தசை இவ்வளவு சுருங்கியிருக்காது. முழுசா வந்திருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னும் நல்லா மேல போயிருக்கும். கண்டிப்பா.”

நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கதவு பின்னால் மூடிக்கொண்டது. அப்பா எழுந்து நின்றார். அறுபத்தைந்து வயது. அந்த ஒரு வருஷத்தில் பத்து வருஷம் கூடியதுபோல் இருந்தார். என் தோளைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்ன சொன்னாரு? அன்னைக்கு நான் உன்னக் கூட்டிட்டு ஓடியாராம இருந்திருந்தா இன்னும் மேல போயிருக்குமா?”

கேட்டதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அடுத்தவருக்குச் சேர்ப்பதுதான் நான் சம்பளம் வாங்குகிற வேலை.

“இல்லப்பா. எப்பச் செஞ்சிருந்தாலும் இம்புட்டுத்தானாம்.”

“நெசமாவா? டாக்டரு வாயால சொன்னாரா?”

“அவரு வாயாலதான் சொன்னாரு. நானே கேட்டேன்.”

அப்பா மூச்சை விட்டார். அவ்வளவு காற்றை இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை. பிறகு அந்த மூடின கதவைப் பார்த்து, போகிற வருகிறவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், இரண்டு கையையும் தலைக்கு மேலே எடுத்துக் கும்பிட்டார்.

அப்பா இறந்து இந்தத் தையோடு இரண்டு வருஷம் ஆகிறது. டாக்டர் சொன்னதை உள்ளபடி இப்போதுதான் எழுதியிருக்கிறேன்.